பாவா வீட்டுக் கொல்லை மண்

பிரெஞ்சுக்காரக் கவர்னர் ஊரைவிட்டுக் கப்பலேறி மூன்று வருஷம் ஆகியும், சோடா பாவாவின் கிணற்றில் மட்டும் கவர்னர் இருந்தார். அவர் ஓர் ஆமை. பாவாவின் அத்தா அந்த வீட்டை வாங்கிய புதிதில் கிணற்றில் விட்டது. தண்ணீரில் விழும் பூச்சி புழுவைத் தின்று கிணற்றைச் சுத்தமாக வைத்திருப்பது அதன் உத்தியோகம். வேலை செய்வதாகவே தெரியாது, ஆனால் சம்பளம் மட்டும் சரியாகப் போய்ச் சேரும் என்று சொல்லி அத்தாதான் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்.

"ஆமை பூந்த வீடும் அமீனா பூந்த வீடும் உருப்படாதும்பாங்களே பாய்" என்று எதிர்வீட்டுக் கமலவேணி அடிக்கடி சீண்டுவாள்.

"அது வீட்டுக்கும்மா, இது கிணத்துக்கு" என்பார் பாவா.

பாவாவுக்குத் தன் கிணற்றைப் பற்றி இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். பாதிக் கிணறுகளில் உப்புக் கரிக்கும். பாவா வீட்டுக் கிணறு மட்டும் இளநீர் மாதிரி. கடைக்கு வருகிறவருக்குச் சோடா உடைப்பதற்கு முன்னால் ஒரு லோட்டா பச்சைத் தண்ணீரைக் கையில் கொடுத்து, "மொதல்ல இதக் குடிங்க" என்பார். குடித்துவிட்டு "ஆகா" என்று சொன்னால்தான் சோடா. சொல்லாதவர்கள் சொல்லும்வரை நிற்க வேண்டும். மற்ற கடைக்காரர்கள் குழாய்த் தண்ணீரில் போடும் சோடாவை அவர் சோடா என்றே சொல்லமாட்டார். "ஏப்பம் வர்ற தண்ணி" என்பார். கடைக்கு மேலே அத்தா காலத்துப் பலகையில் பிரெஞ்சு எழுத்தில் 'லிமொனாத்', அதாவது எலுமிச்சை சோடா, என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையைப் படிக்கத் தெரியாது என்றாலும் தினமும் துடைத்துவிடுவார்.

இவ்வளவு பேசுகிற மனிதர் தன் மனைவி ஷரீபாவின் கைகளைப் பார்த்தால் மட்டும் வாயடைத்துப் போவார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சோடா மிஷின் வாங்கியபோது அவளுடைய இரண்டு தங்க வளையல்களும் மிஷினுக்குள் போய்விட்டன. அன்றிலிருந்து அவளுக்குக் கண்ணாடி வளையல்தான். ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் மனிதருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்காத பெண்டாட்டியிடம் பதில் சொல்வது எப்படி?

அந்த வருஷம் ஆடி மாதத்தில் அரிப்புக்கார அம்மாவாசை சோடா குடிக்க வந்தான். இரண்டு வீடு தள்ளி இராமதாஸ் பத்தரின் நகைப் பட்டறை. பட்டறைகளில் குப்பையைத் தெருவில் கொட்ட மாட்டார்கள். கூட்டிய தூசி, கை கழுவிய தண்ணீரின் அடிச் சேறு, அடுப்புக் கரி எல்லாவற்றையும் சேர்த்து வைப்பார்கள். அதில் அராவிய தங்கம் பொடிப்பொடியாகக் கிடக்கும். வருஷத்துக்கு ஒருமுறை அம்மாவாசை வந்து அந்தக் குப்பையை விலை பேசி எடுத்து, தண்ணீரில் அரித்துத் தங்கத்தைப் பிரித்துக்கொள்வான். அவனுக்குக் கை எப்போதும் நடுங்கும். சோடா பாட்டில் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் போடும்.

"பாய், இந்த வீடு முன்ன ஒரு பத்தர் வீடுதானே?"

"ஆமா. மூணு தலைமொறையா இங்கதான் பட்டறை போட்டிருந்தாங்களாம். அப்புறம்தான் எங்க அத்தா வாங்குனாரு."

"விக்கிறப்ப மண்ண அரிச்சிட்டுத்தானே குடுத்தாங்க?"

"எங்க அரிச்சாங்க? ஏதோ குடும்பச் சண்டை. ராவோட ராவா வித்துட்டுப் போனாங்களாம்."

அம்மாவாசை பாதிச் சோடாவை அப்படியே வைத்துவிட்டான். பாவாவின் கடையில் யாரும் அப்படிச் செய்ததில்லை. கொல்லைக்குப் போய்க் கிணற்றோரமாக ஒரு பிடி மண்ணைத் தோண்டினான், மரத்தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டினான். மண் கரைந்து போகப் போக, தட்டின் ஓரத்தில் கடுகில் கால்வாசி அளவுக்கு என்னமோ மின்னியது. பாவா குனிந்து பார்த்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

"பாதிக்குப் பாதி" என்றான் அம்மாவாசை.

ஷரீபாவுக்கு இது பிடிக்கவில்லை. "சோறு போடற கொல்லைய நோண்டலாமாங்க?"

"உனக்காகத்தான் ஷரீபா."

"நான் கேட்டேனா?"

அதுதானே பிரச்சினை என்று பாவா உள்ளுக்குள் முனகிக்கொண்டார். மறுநாள் காலையில் அம்மாவாசை கடப்பாரையோடு வந்துவிட்டான்.

தோண்டிய மண்ணைக் கிணற்றடிக் கல்தொட்டியில் போட்டு மூன்று தடவை சலிப்பான், மூன்று தடவை அலசுவான். மிஞ்சிய கறுப்பு மண்ணைச் சட்டியில் போட்டுப் பாதரசத்தை ஊற்றிக் கையாலேயே பிசைவான். ரசத்துக்குத் தங்கம் என்றால் உயிர். எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். பிறகு துணியில் பிழிந்து, உருண்டையைக் கரி நெருப்பில் வைத்தால் ரசம் புகையாகப் போய்விடும், தங்கம் தங்கிவிடும். அதைத் திராவகம் விட்டுக் கழுவி, கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலேயே கொட்டுவான். ரசம் பிசைந்த மண்ணைச் சலித்த மணலோடு சேர்த்துக் கொட்டுவான். புகை வரும்போது ஷரீபா கோழிகளை வீட்டுக்குள் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். பாவா மட்டும் பக்கத்தில் நின்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆவணி போனது, புரட்டாசி போனது. கொல்லையில் ஆள் இறங்குகிற அளவுக்குக் குழி. அதன் பக்கத்தில் சலித்த மணல் மேடாகக் குவிந்தது. கிடைத்த தங்கம் ஒரு சிமிழின் அடியில் சிணுங்கிக்கொண்டு கிடந்தது. "இன்னும் ஒரு முழம் எறங்கினா நல்ல மண்ணு பாய்" என்று அம்மாவாசை வாராவாரம் சொன்னான். பாவாவும் வாராவாரம் நம்பினார்.

ஐப்பசி மழை வந்தது. குழி நிரம்பி வழிந்து கிணற்றுக்குள் போனது. மழை விட்ட நாலாம் நாள் ஷரீபா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, கவர்னர் மவுத்தாயிட்டாருங்க."

ஆமை மல்லாந்து மிதந்தது. பாவா அதை வாளியில் தூக்கி எடுத்து, கொல்லை மூலையில் புதைத்தார். வயசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆமை மனுஷனைவிட அதிக நாள் வாழும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் ஒரு லோட்டா தண்ணீரைக் குடித்துப் பார்த்தார். சாவியை நக்கியது மாதிரி ஒரு ருசி. துப்பிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார், யாரும் இல்லை. புது மழைத் தண்ணீர், பத்து நாளில் தெளிந்துவிடும் என்று முடிவு செய்தார். அந்த வாரத்திலிருந்து சோடாவில் இஞ்சி எசன்ஸைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். வாடிக்கையாளர்களுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்கிற வழக்கத்தை நிறுத்தினார். மழை நாளாச்சே, சளி பிடிக்கும் என்று காரணம் சொன்னார். ஊரே நம்பியது. அவருடைய நாக்கு மட்டும் நம்பவில்லை.

மார்கழி பிறந்தது. போகிக்கு முன்னால் வீட்டிலுள்ள பித்தளை, வெண்கலம் எல்லாவற்றையும் இறக்கித் தேய்ப்பது தெருவின் வழக்கம். ஷரீபா ஒரு நாள் அம்மாவாசை சலித்துப் போட்ட மணலில் ஒரு பிடி எடுத்துப் புளியோடு சேர்த்துக் குடத்தைத் தேய்த்தாள். குடம் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மூன்று தடவை சலித்த மணல், மாவு போல் இருந்தது. கமலவேணி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பெண்களுக்கு ஒரு குடம் பளபளத்தால் போதும், அன்று மாலைக்குள் தெரு முழுக்கக் கொட்டாங்குச்சியும் கூடையுமாக வந்து நின்றது.

"அள்ளிக்கிட்டுப் போங்க. எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்குது" என்று பாவா தாராளமாகச் சொன்னார். தெருவே அவரை வாழ்த்தியது.

போகியன்று காலையில் கமலவேணி கூச்சல் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவள் கையில் இருந்த தங்க வளையல் வெள்ளையாகியிருந்தது. செல்வாம்பாளின் மோதிரம் வெள்ளை. ஆயம்மாவின் ஒற்றை வளையல் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. எல்லாம் இராமதாஸ் பத்தர் கையால் செய்தவை. பிறகு கேட்க வேண்டுமா? பத்து நிமிஷத்தில் பட்டறை வாசலில் திருவிழாக் கூட்டம்.

"இன்னா பத்தரே, தங்கம்னு சொல்லி ஈயத்தையா தட்டிக் குடுத்தீங்க?" என்றாள் கமலவேணி.

"தாய்ப் பொன்னுலயும் மாப்பொன் திருடற ஆளுங்கதானே" என்று செல்வாம்பாள் எடுத்துக் கொடுத்தாள்.

பத்தர் முப்பது வருஷமாக அந்தத் தெருவில் வேலை செய்கிறவர். ஒரு குன்றுமணி குறைந்தது என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. அவருக்கு முகம் செத்துப்போயிற்று. பட்டறையில் உட்கார்ந்தபடி எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை நடக்கிற இடத்தில் சோடா நன்றாக விற்கும் என்பது பாவாவின் அனுபவம். தொண்டை வறண்டால்தானே அடுத்த வசை வரும்? இரண்டு பெட்டிச் சோடாவைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். ஆளாளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். "பத்தரே, நீங்களும் ஒண்ணு குடிங்க, கோவம் ஆறும்" என்று அவர் கையிலும் ஒன்றைத் திணித்தார்.

பத்தர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வளையலைக் குடும்மா" என்று கை நீட்டினார். வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பொகை ஆகாது" என்று சொல்லி, குமுட்டி அடுப்பில் வைத்து ஊதினார். கூட்டம் சத்தம் அடங்கிப் பார்த்தது. வளையலிலிருந்து வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. உள்ளேயிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. சற்று நேரத்தில் பழைய தங்கம் திரும்பி வந்துவிட்டது, மெருகுதான் இல்லை.

"தங்கம் தங்கந்தாம்மா. இது பாதரசம் பண்ண வேலை. எல்லாரும் ரசத்த எங்க தொட்டீங்க?"

"ரசத்த நாங்க எதுக்குத் தொடறோம்? மொளகு ரசந்தான் எங்களுக்குத் தெரியும்" என்றாள் கமலவேணி. கூட்டம் சிரித்தது.

"கையால வேற இன்னா செஞ்சீங்க?"

"சாமான் தேய்ச்சோம். பாய் வீட்டு மணல்ல."

எல்லாத் தலைகளும் பாவா பக்கம் திரும்பின. மணலில் ரசம் இருக்கிறது. மணல் கிணற்றடியில் இருக்கிறது. மழையில் குழி வழிந்து எங்கே போனது? கவர்னர் ஏன் மல்லாந்தார்? சாவி ருசி எங்கேயிருந்து வந்தது? இரண்டு மாதமாக அவர் யோசிக்க மறுத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்து நின்றது.

தப்பித்துக்கொள்ள வழி இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கேட்டது மணலைப் பற்றி. தண்ணீரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. "தெரியாம குடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலு திட்டோடு போய்விடும். வளையல்களைப் பத்தர் சரிசெய்து கொடுத்துவிடுவார். கிணற்றின் பெயர் அப்படியே நிற்கும். பாவாவுக்கு அந்தப் பெயரைத் தவிர ஊரில் வேறு சொத்து இல்லை. இதையெல்லாம் அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே, கமலவேணியின் ஐந்து வயதுப் பெண் இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தி, கையிலிருந்த சோடா பாட்டிலின் கோலியை உள்ளே தள்ளிவிட்டது. டப் என்று சத்தம். நுரை பொங்கியது. பெண் வாயைக் கொண்டுபோனது.

"குடிக்காத!"

பாவா பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினார். பெண் வீறிட்டது.

"யாரும் குடிக்காதீங்க! வைங்க, எல்லாரும் கீழ வைங்க!"

"இன்னா பாய், காசு குடுக்க மாட்டோம்னு நெனச்சிட்டீங்களா?" என்றான் ஒருவன். மறுபடியும் சிரிப்பு.

"என் கிணறு கெட்டுப்போச்சி" என்றார் பாவா.

அடுத்தவன் சொல்லியிருந்தால் அவன் மேல் சோடா பாட்டில் பறந்திருக்கும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். பாவா எல்லாவற்றையும் சொன்னார். ரசம், திராவகம், குழி, மழை, ஆமை. இஞ்சி எசன்ஸைக் கூட்டியதைச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விட்டது, ஆனாலும் சொன்னார். பத்தர் முதலில் தன் பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தார். பிறகு ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். கோலிகள் பாட்டில் கழுத்தில் உருண்டு உருண்டு சத்தம் போட்டன. இரண்டு பெட்டிச் சோடாவும் நுரைத்துக்கொண்டு ஓடுவதைப் பாவா நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு கமலவேணி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒன்றுகூட நியாயமில்லாமல் இல்லை. "ரெண்டு மாசமா எம்பொண்ணு குடிச்சிருக்குது!" என்று அவள் கடைசியில் அழுதபோது பாவாவும் அழுதார். பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, இனிமேல் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். பாவா கடையில் பூட்டுத் தொங்கியது.

அம்மாவாசைக்கு என்ன நடந்தது என்றே முதலில் புரியவில்லை. "இன்னும் ஒரு முழம்..." என்று ஆரம்பித்தான்.

"உன் கை ஏன்டா இப்பிடி ஆடுது?" என்றார் பாவா.

"எங்கப்பனுக்கும் இப்பிடித்தான் ஆடும் பாய். பரம்பரை."

"பரம்பரை இல்லடா, பாதரசம்!"

சிமிழில் இருந்ததைக் கொட்டிப் பார்த்தால் ஒரு மூக்குத்திக்குத் தேறும். தன் பாதியையும் அவனிடமே கொடுத்து, முதலில் வைத்தியம் பார்த்துக்கொள் என்று பாவா அனுப்பிவைத்தார். அவன் போனான். வைத்தியம் பார்த்தானோ, அடுத்த ஊரில் குழி தோண்டினானோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பத்தர் நல்ல மனிதர். பொங்கல் முடிந்ததும் தானே வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். "மேட்டையும் குழி மண்ணையும் ஒட்ட வாரி ஊருக்கு வெளிய அனுப்பிடுங்க பாய். கிணத்த அஞ்சாறு தடவ எறைங்க. நாலு மழையில திரும்பி வந்தாலும் வரும்" என்றார். பாவாவுக்கு உயிர் வந்தது. மீதமிருந்த மணலையெல்லாம் தெருப்பெண்களிடம் வீடுவீடாகப் போய்த் திருப்பி வாங்கிவந்தார்.

சேதராப்பட்டுக் கிராமத்திலிருந்து பொங்கலுக்குக் கரும்பு ஏற்றிவந்த வண்டிக்காரன் பாவாடையின் மாட்டுவண்டி காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பாவா அதைப் பிடித்தார். இரண்டு பேரும் வேர்க்க வேர்க்க மண்ணைக் கூடையில் அள்ளி வண்டியில் ஏற்றினார்கள். வண்டியின் பக்கத்துப் பலகைவரை நிரம்பியது. பாவாடை மாட்டைப் பூட்டிவிட்டுக் கேட்டான்.

"எங்க பாய் கொட்டணும்?"

"ஊருக்கு வெளிய எங்கயாவது கொட்டிடுப்பா."

"எங்கயாவதுன்னா?"

"உங்க பக்கம்தான் எடம் கெடக்குதே. ஏரிக்கரை ஓரமா, ஆள் நடமாட்டம் இல்லாத எடமாப் பாத்து..."

"அது எங்க ஊரு பாய்" என்றான் பாவாடை. கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வதைப் போலத்தான் சொன்னான். "அந்த ஏரித் தண்ணிதான் எங்க நெலத்துக்குப் பாயுது. இந்த மாடுங்க அதுலதான் குடிக்குதுங்க. ஏன் பாய், மண்ணுல எதனா இருக்குதா?"

பாவா வண்டியைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். இந்த வண்டி போனால் கிணறு பிழைக்கும், போகாவிட்டால் கிணறு இல்லை. அவ்வளவுதான் கணக்கு. மாடு ஒன்று தலையை ஆட்டி ஈயை விரட்டியது. ஷரீபா கொல்லைக் கதவில் நின்றபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

"எறக்கிடுப்பா" என்றார் பாவா.

"ஏத்துனதயா?"

"ஆமா. எறக்கிடு. எங்க எடுத்தோமோ அங்கயே கெடக்கட்டும். மழை எறங்காம மேல செங்கல் வெச்சு சிமிட்டி பூசிடறேன்."

முதல் கூடையை எடுத்துக்கொண்டு வந்தது ஷரீபாதான். மூன்று பேரும் சேர்ந்து இறக்கினார்கள். ஏற்றியதைவிட இறக்கியதற்கு நேரம் அதிகம் பிடித்தது. வேலை முடிந்ததும் பாவாடை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சோடா குடுங்க பாய், தாகமா இருக்குது" என்றான்.

பாவா கடைப் பூட்டைத் திறந்தார். தெருமுனைக் குழாயில் வரிசையில் நின்று பிடித்துவந்த தண்ணீரில் முந்தின நாள் சோதனைக்காகப் போட்ட பாட்டில்கள் நாலைந்து இருந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

"கொழாத் தண்ணி சோடாப்பா. சுமாராத்தான் இருக்கும்" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

பாவாடை ஒரே மூச்சில் குடித்து, ஏப்பம் விட்டு, பாட்டிலை நீட்டினான்.

"நல்லாத்தானே இருக்குது பாய்! இன்னும் ஒண்ணு குடுங்க."

"உனக்கு நாக்கே கெடயாதுடா" என்று பாவா அவனைத் திட்டினார். திட்டிக்கொண்டே, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல், அடுத்த பாட்டிலை உடைத்துக் கொடுத்தார்.